எரிபொருள் தீர்ந்த விண்கலம்



தொண்டைமானாற்றுக் கரையில் வாழ்பவர்க்கு ஒரு காட்சி புதிதன்று. கடலிலே எண்ணெய் தீர்ந்து நின்றுவிட்ட வள்ளத்தை மற்றொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்து வரும். அல்லது அருகணைந்து ஒரு கலன் எண்ணெய் கொடுத்துச் செல்லும். எண்ணெய் இல்லை என்பதற்காக நல்ல வள்ளத்தைக் கடலில் கைவிட்டு வருவார் எவருமிலர். ஆனால், வானவெளியில் மனிதன் நெடுங்காலமாக அதனையே செய்துவந்தான்.

தன் பாதையை அடைந்த செயற்கைக்கோள் பூமியைச் சுற்றுவதற்கு எரிபொருள் வேண்டுவதில்லை. ஆயின், சூரிய சந்திரரின் ஈர்ப்பினால் அதன் பாதை சிறிது சிறிதாக விலகும். அவ்விலகலைத் திருத்தவே எரிபொருள் வேண்டும். ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நின்று தொலைக்காட்சியும் செய்தியும் அனுப்பும் கோள்கள், கருவிகள் பழுதுபடாதிருந்தும், எரிபொருள் முடிந்த காரணத்தால் ஒதுக்கப்படுவதுண்டு.

அங்கே சென்று எரிபொருள் வார்த்தால் என்ன? வினா எளிது, செயல் அரிது. தாழ்ந்த பாதையிற் செல்லும் கலங்கள் மணிக்கு 27,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றன. எடையற்ற நிலையில் திரவம் கலத்தின் அடியில் தங்காது, திவலைகளாய் மிதக்கும். மேலும், பெரும்பாலான கோள்களின் எரிபொருள் வாய்கள், இனித் திறப்பார் இல்லை என்னும் எண்ணத்துடன் பூமியிலேயே அடைக்கப்பட்டவை.

இத்தடைகளை மனிதன் ஒவ்வொன்றாய்க் கடந்து வருகின்றான். 1978ஆம் ஆண்டில் சோவியத் நாட்டின் புரோகிரஸ் 1 என்னும் ஆளில்லாக் கலம், சல்யூற் 6 நிலையத்துடன் இணைந்து எரிபொருள் ஊட்டியது. 2007இல் அமெரிக்கர் இரு கலங்களை அனுப்பி, மனிதக் கை படாமலே எரிபொருளை மாற்றிப் பரீட்சித்தனர். 2020 பெப்ரவரி 25இல் எம்.இ.வி. 1 என்னும் கலம், எரிபொருள் குன்றிய இன்ரெல்சற் 901 கோளைப் பற்றிக்கொண்டது. அது எண்ணெய் வார்க்கவில்லை. நம் வள்ளக்காரரைப் போலத் தன் இயந்திரத்தால் அதனை நடத்தி, மேலும் ஐந்தாண்டு பணிபுரியச் செய்தது.

நமது அயல்நாடாகிய இந்தியாவும் இத்துறையில் அடியெடுத்து வைத்துள்ளது. 2024 டிசம்பர் 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, ஏறத்தாழ 220 கிலோகிராம் எடையுள்ள இரு சிறு கோள்களை இஸ்ரோ நிறுவனம் ஏவியது. அவற்றை இணைக்கும் முயற்சி இருமுறை ஒத்திவைக்கப்பட்டது. ஜனவரி 12ஆம் நாள் மூன்று மீற்றர் தொலைவு வரை நெருங்கியும், அவசரப்படாது பின்வாங்கி, கிடைத்த தரவுகளை ஆராய்ந்தனர். 2025 ஜனவரி 16இல் இரண்டும் இணைந்தன. இவ்வருஞ்செயலைச் சாதித்த நான்காவது நாடு இந்தியா. பின்னர் மார்ச் மாதத்திற் பிரித்து, ஏப்ரலில் மீண்டும் இணைத்து, ஒன்றன் மின்சக்தியை மற்றதற்குக் கொடுத்தும் பார்த்தனர். எரிபொருள் மாற்றும் நாளுக்கு இஃது முதற்படியாகும்.

மூன்று மீற்றர் வரை சென்று திரும்பிய அந்தப் பொறுமையை என் மாணவர்க்கு நான் அடிக்கடி எடுத்துரைப்பதுண்டு. மற்றொரு செய்தியும் சொல்வேன். முன்னொரு காலத்தில் நான் கற்பித்த பாடசாலையொன்றில், திருகாணி ஒன்று இல்லாமையால் ஒரு நுணுக்குக்காட்டி பல்லாண்டு அலுமாரியிலே உறங்கியது. புதியது வேண்டி நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். படிப்பிற் பின்தங்கியவன் என்று நாங்கள் கருதிய மாணவன் ஒருவன், வள்ள இயந்திரம் திருத்தும் தன் தந்தையின் பட்டறையிலிருந்து ஆணியொன்று கொணர்ந்து அரைமணி நேரத்தில் அதனைச் சரிசெய்தான். அன்று நாணியவன் நானே.

புதியது ஆக்குவோரைப் போற்றும் நாம், உள்ளதைப் பேணுவோரை மதிக்கக் கற்கவில்லை. இன்று விண்வெளி விஞ்ஞானமே அவ்வறிவைத் தேடி நிற்கின்றது. நம் பட்டறைகளில் வளரும் பிள்ளைகளை வகுப்பின் கடைசி வாங்கில் இருத்தி மறந்துவிடாதிருப்போமாக.