தள்ளுபடியான வேட்புமனுவுக்கு ஒரு மேல்முறையீடு

உள்ளாட்சித் தேர்தல் என்றதும் நம் நினைவு வாக்குச்சாவடிக்குத்தான் போகிறது. கள்ள ஓட்டு விழுந்ததா, பணம் கைமாறியதா, எண்ணிக்கை ஒழுங்காக நடந்ததா என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் தமிழ்நாட்டு உள்ளாட்சி வரலாற்றின் பெரிய அநீதி ஒன்று, வாக்குப்பெட்டி ஊருக்குள் வருவதற்கு முன்பே நடந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு போட விடாமல் அவர்களை மிரட்டினார்கள். மீறி வென்றவரையும் பதவியேற்ற கையோடு விலக வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. பத்து ஆண்டுகள்! அங்கே மனுவைத் தடுத்தது ஊரின் ஆதிக்கம். சட்டத்தின் பேரால் மனு தடுக்கப்படும் இடமும் ஒன்று உண்டு. அது பரிசீலனை மேசை. அங்கே தவறாகத் தள்ளுபடி செய்யப்பட்ட மனுவுக்கு, வாக்குப்பதிவுக்கு முன்பே முறையிட ஓர் இடம் வேண்டும். இதுதான் இந்த மேடையில் நான் வைக்கும் கோரிக்கை.

இந்தச் சிக்கலின் வேர் நம் நாமக்கல்லில் இருக்கிறது. முதல் பொதுத் தேர்தலில் நாமக்கல் தொகுதியில் நிற்க பொன்னுசாமி என்பவர் மனு செய்தார். 1951 நவம்பர் 28 அன்று நடந்த பரிசீலனையில் அந்த மனு தள்ளுபடியானது. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தலையிட அதிகாரம் இல்லை என்றது நீதிமன்றம். 1952 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தேர்தல் என்பது அறிவிக்கை முதல் முடிவு வரையிலான முழு நடவடிக்கை, அதை நடுவில் நிறுத்தக் கூடாது, குறையிருந்தால் எல்லாம் முடிந்தபின் தேர்தல் மனுவாகக் கொண்டு வரலாம் என்பது தீர்ப்பின் சாரம். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், இதே தடையை 243-ஓ பிரிவின் வழியாக ஊராட்சிகளுக்கும் கொண்டு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 என்ன சொல்கிறது? முடிவு வெளியான 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனு போடு என்கிறது. அந்த வழக்கில், ஒரு மனு தவறாகத் தள்ளுபடி செய்யப்பட்டது என்று நிறுவினாலே போதும், தேர்தல் செல்லாது. தவறாக ஒரு மனுவை ஏற்றிருந்தால் மட்டும், அதனால் முடிவே மாறியது என்று காட்ட வேண்டும். ஏற்பதில் நேரும் பிழையைவிடத் தள்ளுவதில் நேரும் பிழை கொடியது என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அவ்வளவு கொடிய பிழையைத் தேர்தல் நடந்து, ஒருவர் பதவியேற்று, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்த பிறகு திருத்துவது யாருக்கு நியாயம்? ஐந்தாண்டுப் பதவியில் மூன்றாம் ஆண்டு வரும் தீர்ப்பு, அந்த வேட்பாளருக்கும் பயன்படாது, அந்த வார்டுக்கும் பயன்படாது.

ஒரு கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கான மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர், 2019 தேர்தலில் வைப்புத்தொகை 200 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 100 ரூபாய். எளிய மனிதருக்காகவே எளிமையாக வைத்த விதிகள் இவை; வரவேற்கிறேன். ஆனால் அந்த ஒரே முன்மொழிபவர் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்பவராக இருந்து, முதல் நாள் இரவு மிரட்டப்பட்டு, பரிசீலனையன்று வந்து ‘கையெழுத்து என்னுடையது இல்லை’ என்று சொல்லிவிட்டால் மனு போச்சு. பாகம் எண், வரிசை எண் மாறியிருப்பது போன்ற சில்லறைக் குறைகளுக்காகத் தள்ளக் கூடாது என்பது தேர்தல் சட்டத்தின் பழைய நெறி. எது சில்லறை, எது பெருங்குறை என்று முடிவு செய்பவரோ ஒரே அலுவலர், அதுவும் மனுக்கள் குவிந்து கிடக்கும் ஒரே நாளில். 2019-ல் 27 மாவட்டங்களில் 91,975 பதவிகளுக்குத் தேர்தல். டிசம்பர் 17 பரிசீலனை, 19 விலகக் கடைசி நாள், 27-ல் முதல் கட்ட வாக்குப்பதிவு. 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் போட்டியே இல்லை. அவை எல்லாம் தள்ளுபடியால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேர் மட்டுமே நிற்கும் சின்ன வார்டில் ஒரு மனு தள்ளுபடியானால் அத்தனை வாக்காளரும் ஓட்டை இழக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

நடுவில் மேல்முறையீடு வைத்தால் தேர்தலே நின்றுவிடும் என்பார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2016-ல் உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தபின் 2019 டிசம்பர் வரை நம் ஊராட்சிகளுக்குத் தேர்தல் இல்லை. ஆனால் அது மாநிலம் முழுவதற்குமான அறிவிக்கை பற்றிய வழக்கு. நான் கேட்பது ஒரு வார்டின் ஒரு மனுவுக்கு, சட்டமே நாள் குறித்துத் தரும் முறையீடு. மகாராஷ்டிர நகராட்சித் தேர்தல் விதிகளில் மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யும் வழி ஏற்கெனவே இருக்கிறது. 2025-ல் அங்கே சில ஊர்களில் தீர்ப்பு பிந்தியதால் வாக்குப்பதிவைத் தள்ளிவைக்க நேர்ந்தது உண்மை. தீர்ப்புக்குக் கறாரான கெடு வேண்டும் என்பதுதான் அதில் நமக்குக் கிடைக்கும் பாடம். பொன்னுசாமி தீர்ப்பும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. வெளியிலிருந்து வரும் குறுக்கீட்டைத்தான் அது தடுத்தது. தேர்தல் கால அட்டவணைக்குள்ளேயே சட்டமன்றம் ஒரு படியைச் சேர்க்கலாம்.

இன்னொரு மறுப்பு கனமானது. முறையீடு பணபலம் உள்ளவரின் ஆயுதமாகும் என்கிறார்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதற்குச் சாட்சி. அங்கே வேட்பாளர் வாக்காளர்களிடம் கையெழுத்து திரட்டித் தர வேண்டும். எதிராளி ஆட்சேபித்தால் கையெழுத்துகளை வரிவரியாகச் சரிபார்ப்பார்கள். 1996-ல் இலினாய் மாநில செனட்டுக்கு முதன்முதல் நின்ற பராக் ஒபாமாவின் தரப்பு இப்படி ஆட்சேபித்ததில் நான்கு போட்டியாளர்களும் களத்தை விட்டு விலக நேர்ந்தது. கட்சியின் உட்தேர்தலில் அவர் ஒருவரே நின்றார். அதே சிகாகோவில் 2011 மேயர் தேர்தலின்போது, ஜனவரி 24 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்பாளர் ராம் இமானுவேலின் பெயரை நீக்கியது; 27 அன்று மாநில உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்த்தது. மூன்றே நாள்! விரைவு முடியும் என்பதற்கும், ஆட்சேபம் ஆயுதமாகும் என்பதற்கும் ஒரே ஊர் சான்று தருகிறது. ஆகவே வழியை ஒரு பக்கம் மட்டும் திறப்போம். தள்ளுபடி செய்யப்பட்டவர் மட்டுமே முறையிடலாம். ஏற்கப்பட்ட எதிராளியின் மனுவை நீக்கச் சொல்லி வருகிறவர், இன்று போலவே முடிவுக்குப் பின் வரட்டும்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கைக்கு முன் ஊராட்சிச் சட்டத்திலும் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்திலும் இந்தத் திருத்தம் வர வேண்டும். பரிசீலனைக்கும் விலகலுக்கும் இடையே இன்னும் மூன்று நாள் சேருங்கள். தள்ளுபடிக்கான காரணத்தைத் தமிழில் எழுதி, அன்று மாலையே வேட்பாளர் கையில் கொடுங்கள். மறுநாள் மாலைக்குள் அவர் முறையிடட்டும். அதற்கடுத்த இரண்டு நாளில் மாவட்டத்திலுள்ள சார்பு நீதிபதி ஒருவர் கேட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும். தீர்ப்பு அந்தக் கெடுவைத் தாண்டினால் வேட்புமனு ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று ஒரு வரியையும் அந்தச் சட்டத்தில் எழுதுங்கள்.