வீட்டில் கட்டிய விமானத்தில் குளிர்சாதனம்

அமெரிக்க நாட்டில், தமக்கு வேண்டிய ஆகாய விமானத்தைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்வோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். வேலையின் பெரும்பகுதியைத் தாமே செய்திருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அத்தகைய விமானங்களுள் நால்வர் அமரக்கூடிய ஆர்வி-10 என்பது பெயர் பெற்றது. லைகாமிங் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சின், 260 குதிரைத் திறன் கொண்டது, அதற்கு ஏற்றது.

இவ்வகை எஞ்சினில் குளிர்சாதனக் கம்ப்ரஸரைப் பொருத்துகிறார்கள். மேலே சென்றால் தானாகவே குளிருமே, இது எதற்கு என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது என்பது உண்மைதான். ஆயினும் அரிசோனாப் பாலைவனத்தில், 40 டிகிரி வெயிலில், கண்ணாடிக் கூண்டு போன்ற விமானத்துள் ஓடுபாதைக்குக் காத்திருக்கும் விமானிக்கு அக்குளிர் எட்டாக் கனியே. வியர்வையில் நனைந்து சோர்ந்தவன் கையில் விமானத்தை ஒப்படைப்பது எங்ஙனம்?

கம்ப்ரஸர் என்னவோ மோட்டார் காரில் உள்ள அதே வகைதான். கடினம் அதை நிறுத்தும் இடத்தில் இருக்கிறது. புரொபெல்லருக்குப் பின்னால், எஞ்சினின் தண்டோடு சுழலும் தட்டு ஒன்று உண்டு. அதன் காடியில் ஓடும் பெல்ட் மின்னாக்கியைச் சுழற்றுகிறது. இரண்டாவது காடி உள்ள தட்டை அமைத்து, அதில் கம்ப்ரஸரின் பெல்ட்டை மாட்டலாம். ஆனால் கம்ப்ரஸரை விமானத்தின் உடலோடு பிணைத்தல் ஆகாது. எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் அமர்ந்திருப்பதால் அது குலுங்கும். உடல் அவ்வாறு குலுங்காது. இரண்டுக்கும் இடையே பெல்ட் ஒருகணம் இறுகி, மறுகணம் தளரும். எனவே தாங்கியை எஞ்சினின் மேலேயே முடுக்குகிறார்கள். அத்தாங்கி குட்டையாகவும் விறைப்பாகவும் இருத்தல் வேண்டும். ஓயாத அதிர்வினால் உலோகமும் களைத்து விரிசல் காணும். அறுந்த பெல்ட் பக்கத்துப் பெல்ட்டைச் சிக்கவைத்தால் மின்னாக்கியும் நின்றுவிடும்.

கம்ப்ரஸர் சில குதிரைத் திறனை உண்ணும். 15 டிகிரியில் உள்ள காற்றைவிட 40 டிகிரியில் உள்ள காற்று ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு அடர்த்தி குறைந்தது. எஞ்சினும் இறக்கையும் ஒருங்கே தளரும் வேளை அது. ஆகவே, விமானம் எழும்பும்போது முழுவிசை கொடுத்தவுடன் கம்ப்ரஸரின் மின்காந்தப் பிடி விலகுமாறு ஒரு சுவிட்சு வைப்பது அறிவுடைமை.

எடைக் கணக்கும் உண்டு. மூக்கில் கம்ப்ரஸர் ஏறியதும் ஈர்ப்பு மையம் முன்னே நகரும். குளிரூட்டும் பெட்டியைப் பின்னால் வைப்போர் இதையே ஓரளவு ஈடுசெய்கின்றனர். எப்படியாயினும் மீண்டும் நிறுத்துப் பார்த்துக் கணக்கிட்ட பின்னரே பறத்தல் வேண்டும்.

பெல்ட்டை மாற்றுவதற்குப் புரொபெல்லரையே கழற்ற வேண்டியிருக்கும். ஆதலால் அனுபவசாலிகள், மாற்று பெல்ட் ஒன்றை முன்னதாகவே தண்டைச் சுற்றிப் போட்டு, சுழலும் பாகங்களில் படாதவாறு எஞ்சினோடு இறுகக் கட்டி வைத்துவிடுகிறார்கள்.