நதியைக் காத்த தீர்ப்பும் தீர்ப்பை விழுங்கிய சட்டமும்



நிலக்கரிச் சுரங்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? மண்ணைப் பிளந்த பெரும்பள்ளம். கரி படிந்த முகங்கள். இன்று நான் சொல்லவிருக்கும் சுரங்கத்தில் பள்ளமே இல்லை. மேலே மரம் நிற்கும், பறவை பாடும். கீழே, பல நூறு அடி ஆழத்தில், கரி போய்க்கொண்டிருக்கும். கரியோடு ஆறும் போய்க்கொண்டிருக்கும்!

ஆஸ்திரேலியாவின் சிட்னி, 50 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் மாநகரம். அவர்களது குடிநீர், தெற்கிலும் மேற்கிலும் உள்ள மேட்டு நிலங்களில் பெய்யும் மழை. அங்கே மணற்பாறை மீது சதுப்பு நிலங்கள் படர்ந்திருக்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தழை மக்கிச் சேர்ந்த மண் அது. மழையை உறிஞ்சி வைத்து, வறண்ட காலத்தில் சிறுகச் சிறுக ஓடைக்கு ஈயும் மண். மனிதன் அணை கட்டக் கற்குமுன் இயற்கை கட்டிய அணை என்பேன் நான்.

அதன் அடியில் கரி! இயந்திரம் 200, 300 மீட்டர் அகலத்துக்குக் கரிப்படுகையைச் சீவிக்கொண்டே முன்னேறும். பின்னால் தூண் விடுவதில்லை. கூரையை இடிந்து விழ விட்டுவிடுவர். வேண்டுமென்றே, தோழர்களே! மேற்பாறை தளரும், தரை தாழும், பாறை வெடிக்கும். ஓடையின் படுகையே பாறைதானே! படுகை பிளந்தபின் ஓடை எங்கே ஓடும்? தெற்கே கட்டரக்ட் ஆறு 1990களில் இவ்வாறு பிளந்தது. பின்னர், வொரொனோரா நீர்த்தேக்கத்துக்கு நீர் தரும் வரட்டா ஓடையும் பிளந்தது. பிளவில் இறங்கிய நீர், கீழே எங்கோ இரும்பைக் கரைத்துக்கொண்டு செம்மஞ்சள் துருவாக வெளிவரும். ஓடைப் பிளவில் பசை ஊற்றி அடைத்துப் பார்த்தனர். சதுப்பின் அடிப்பாறை பிளந்தால், எங்கே போய் ஊற்றுவது? அது ஓட்டைக் குடம்! உலர்ந்த அம்மண்ணில் தீப்பற்றினாலோ, வேரும் விதையும் சேர்ந்தே சாம்பல்.

மேற்கே, நியூன்ஸ் பீடபூமியில், ஸ்பிரிங்வேல் சுரங்கம். அவ்வகைச் சதுப்புகள் அழியும் நிலையில் உள்ளன என்று 2005லேயே அந்நாட்டு அரசு பட்டியலிட்டது. 2011இல், சதுப்புகளுக்கு நேர்ந்த கேட்டுக்காக, 14.5 இலட்சம் டாலரை ஆராய்ச்சிக்குத் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. சதுப்பு போயிற்று, ஆராய்ச்சி வந்தது!

2015இல் அச்சுரங்கத்தை விரிவாக்க அனுமதி பிறந்தது. சுரங்கத்தின் உப்புநீர் காக்ஸ் ஆற்றின் வழியே வாரகம்பா அணைக்குச் செல்லும். குடிநீர்ப் பகுதியில் எத்திட்டமும் நீரின் தரத்தைக் குறைக்கலாகாது என்பது சட்டம். சூழல் ஆர்வலர் வழக்காடினர். 2017 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அனுமதி செல்லாது என்றது.

பிறகு நடந்ததென்ன? அக்டோபரிலேயே நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்திற்று! ஏற்கெனவே நீரைக் கெடுத்துவரும் சுரங்கம், அதே அளவில் தொடர்ந்து கெடுத்தால் குற்றமில்லையாம்! திருடன் நேற்று எடுத்த அளவே இன்றும் எடுத்தால் திருட்டு அன்று என்பது போல!

வேலை போகும், மவுண்ட் பைப்பர் மின்நிலையம் நின்றுவிடும் என்றனர். சுரங்கத் தொழிலாளி நமக்குப் பகைவனா? அல்லன்! கரி தீரும் நாளில் அவனுக்கு எந்த வேலை என்பதன்றோ அன்று எழுந்திருக்க வேண்டிய கேள்வி? நீரைக் காக்கவும் வழி இருந்தது. 2019இல், சுரங்க நீரைக் குழாய்வழி அதே மின்நிலையத்துக்குக் கொண்டுசென்று சுத்திகரித்துப் பயன்படுத்தும் ஏற்பாடு வந்தது. மின்நிலையமும் நிற்கவில்லை. ஆற்றுக்குக் குழாய் கிடைத்தது. அடிப்பாறை பிளந்த சதுப்புக்கு எந்தக் குழாயும் இல்லை.