அன்டெனா திருப்பிய அந்திகள்

1982 பெப்ரவரி 15. ஜப்பான் அரசின் உதவியோடு இலங்கையின் ரூபவாஹினித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய நாள். 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல மலையுச்சியில் அதன் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது.

எங்கள் கல்முனைக் கரையிலோ, தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிய காரியம். தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் வருவது. மரமும் சுவரும் மறைத்தால் படம் மங்கிவிடும். அதனால்தான் நெடிய கமுகங் கம்பத்தின் நுனியில் அன்டெனாவைக் கட்டினார்கள். மலைநாடு இருக்கும் மேற்குப் பக்கமாக ஒருவர் கம்பத்தைத் திருப்ப, "படம் தெளிஞ்சிட்டா?" என்ற குரல் முற்றத்திலிருந்து கேட்கும். மின்சாரம் எட்டாத வீடுகளில் கார் பெற்றரியே துணை.

மஃரிப் தொழுகை முடிந்ததும் பெட்டி இருந்த வீட்டில் பிள்ளைகள் பாயில் நெருங்கி உட்காருவோம். உம்மாமாரும் மாமிமாரும் கதவோரம் இருப்பார்கள். சிங்களச் செய்தி புரியாவிட்டாலும் கண் விலகாது. அழைப்பில்லாமல் வந்தவருக்கும் அந்த வீட்டில் தேநீர் கிடைத்தது.

அந்தப் பெருந்தன்மைதான் அக்காலத்தின் செல்வம். உங்கள் வாப்பா, உம்மாவிடம் இன்றே அந்த நாட்களைக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.