கடல் வரைபடமும் கடலோடியும்



திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில் விழிஞ்ஞம் இருக்கிறது. அங்கே ஒரே கரையில் இரண்டு துறைகளைக் காணலாம். ஒன்று, 2025ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெருந்துறைமுகம். மற்றொன்று, மலையாளமும் தமிழும் கலந்து ஒலிக்கும் பழைய மீன்பிடித்துறை. பெருங்கப்பலின் தலைவர் மின்திரையில் விரியும் அதிகாரபூர்வமான கடல் வரைபடத்தைப் பார்த்துக் கப்பலை உள்ளே கொணர்கிறார். வள்ளக்காரருக்கு அது கிட்டுவதில்லை.

அவரிடம் வேறொரு படம் உண்டு. அது நெஞ்சில் எழுதிய படம். தொலைவிலுள்ள மலைமுடி ஒன்றையும் கரையிலுள்ள கோபுரத்தையோ மாதாகோவிலையோ ஒரே நேர்கோட்டில் கொணர்வார். வேறு திசையில் இன்னோர் இணையையும் அவ்வாறே பொருத்துவார். இரு கோடுகளும் வெட்டுமிடத்தில் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கிறதென்று அறிவார். இதனைக் கணிச்சம் என்பர். நில அளவையாளர் செய்வதும் ஏறத்தாழ இதுவே, கருவிதான் வேறு.

ஆனால் கடலடி மாறினால் கணிச்சம் என்ன செய்யும்? 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல், 25ஆம் நாள் கேரளக் கடலில் மூழ்கியது. மாலுமிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர். கப்பலில் இருந்த அறுநூற்றுக்கு மேற்பட்ட சரக்குப் பெட்டிகளுள் சில கரையொதுங்கின. பல கடலுக்குள் போயின. பாட்டனார் சொல்லித் தந்த எந்தக் கோட்டிலும் அந்தப் பெட்டிகள் இல்லை. வலை சிக்கிக் கிழிந்த பின்னரே பல படகுகளுக்கு அவற்றின் இடம் தெரிந்தது. ஒரு வலையின் விலை என்னவென்பதை மீனவக் குடும்பத்தார் அறிவர்.

இத்தகைய இடர்களைக் குறிப்பதுதான் கடல் வரைபடத்தின் வேலை. நம் நாட்டில் அதனை ஆக்குவது தேசிய நீர்ப்பரப்பு வரைவு அலுவலகம். கடற்படையைச் சார்ந்த இவ்வலுவலகம் இருப்பதோ இமயத்தின் அடிவாரத்தில், தேராதூனில்! கடல் வரைபடம் ஒருநாளும் முடிந்துபோவதில்லை. மணல்திட்டு நகரும், விளக்கு மாறும், புதிய சிதைவு வந்து கிடக்கும். ஆகவே கடலோடிகளுக்கான திருத்த அறிவிப்புகள் தொடர்ந்து வெளியாகின்றன. பெரிய கப்பல்கள் அவற்றைப் படத்தில் ஏற்றியே தீரவேண்டும் என்பது பன்னாட்டு விதி. சிறு படகுக்கு அந்த விதியும் இல்லை; படமும் இல்லை.

கைப்பேசியில் பார்க்கலாமே என்பீர்கள். 2009இல் தொடங்கிய 'ஓபன் சீ மேப்' என்ற திறந்த வரைபடத்தில் தன்னார்வலர்கள் கலங்கரை விளக்கங்களையும் மிதவைகளையும் குறித்து வைத்திருக்கிறார்கள். நன்முயற்சி அது. எனினும் ஆழத்தை அளப்பது தன்னார்வத்தால் மட்டும் முடிகிற காரியமன்று. அதற்கு அளவைக் கப்பல் வேண்டும், ஆண்டுக்கணக்கான உழைப்பு வேண்டும். அரசு அளந்ததைத் திறந்த படத்தில் சேர்த்தால்தான் அதை நம்பிப் படகைச் செலுத்தலாம்.

அமெரிக்காவில் இது நடந்திருக்கிறது. அந்நாட்டுக் கடல் அளவைத்துறை தன் மின்னணு வரைபடங்களைப் பூட்டின்றியும் விலையின்றியும் வழங்குகிறது. மரபான காகிதப் படங்களை நிறுத்தப்போவதாக 2019இல் அறிவித்து, அவ்வாறே நிறுத்தியும் விட்டது. வேண்டிய பகுதியை அவரவரே அச்சிட்டுக்கொள்ள வசதி செய்திருக்கிறது. நம் நாட்டில் அதிகாரபூர்வமான படங்கள் விலைக்கு விற்கப்படுகின்றன.

நாட்டின் பாதுகாப்பு என்னாவது என்று சிலர் கேட்பர். அயல்நாட்டுக் கப்பல் விலை கொடுத்து வாங்கும் படத்தை நம் மீனவர் பார்த்துவிட்டால் எந்த இரகசியம் வெளிப்பட்டுவிடும்? படையினருக்கே உரிய அளவைகள் விற்பனைப் படத்தில் இடம்பெறுவதில்லை. பழைய பிரதி பிழையான வழியைக் காட்டிவிடும் என்ற அச்சம் மட்டும் நியாயமானது. திருத்திய நாள் படத்தின் முகப்பிலேயே தெரியவேண்டும். அலுவலகத்தின் மின்முத்திரையும் வேண்டும். முத்திரை வேறு, பூட்டு வேறு.

நிலத்தில் இவ்வழி ஓரளவு திறந்துவிட்டது. கேரள அரசின் தகவல் தொழில்நுட்ப மிஷன் 2019இல் 'மாப்பத்தான் கேரளம்' என்னும் முயற்சியால் பொதுமக்களைக் கொண்டே திறந்த வரைபடத்தை நிரப்ப முற்பட்டது. மைய அரசு 2021இல் வரைபட விதிகளைத் தளர்த்தியது. 2022ஆம் ஆண்டின் தேசியப் புவித்தகவல் கொள்கை, கடலாழத்தைப் பற்றிய நுண்ணிய தரவுகளை 2035க்குள் பெற வேண்டும் என்று இலக்கு வைக்கிறது. அத்தரவு எவர் கைக்கு வரும் என்பதுதான் நம் கேள்வி.

ஒன்றை மறைக்கலாகாது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் இவ்வூர்க் கரையிலும் குமரி மாவட்டத்திலும் எத்தனையோ வீடுகள் ஆண்துணையிழந்தன. எந்த வரைபடமும் அவர்களைக் காத்திராது. அங்கே தவறியது எச்சரிக்கை.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகள் கொச்சியிலிருந்து புறப்படுகின்றன. வெளிமாநிலத்தில் பிழைக்கும் தமிழர் என்றால் அலுவலகத்தாரையும் வணிகரையும் மட்டும் எண்ணுகிறோம், இவர்களும் அவர்களே. இவர்கள் கையில் வரும் படம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கவேண்டும். பார்களுக்கு முன்னோர் இட்ட பெயர்களும் அதில் ஏறவேண்டும். அரசு ஆழத்தை அளந்து தரட்டும். பெயர்களை விழிஞ்ஞத்து முதியவர்கள் தருவார்கள். கணிச்சம் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் அங்கே இருக்கிறார்கள்.