பிளேடும் விரலும்

வீட்டுப் பட்டறைக்கு டேபிள் சா, அதாவது மேசை ரம்பம், வாங்குபவர்கள் முதலில் மோட்டாரின் குதிரைத்திறனைத்தான் விசாரிக்கிறார்கள். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய எஃகுத் தகடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதன் பெயர் ரைவிங் நைஃப். அறுபட்ட பலகையின் இரு பாதிகளும் நெருங்கி வந்து பிளேடைக் கவ்வாமல் காப்பது அதுதான். நிமிடத்துக்கு 4000 முறை சுழலும் 10 அங்குல பிளேடின் பற்கள் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. பலகை கவ்விக்கொண்டால் நம் வயிற்றை நோக்கித்தான் பாயும்.

ரம்பத்தைப் பட்டறையில் நிறுவியதும், மின் இணைப்பு கொடுக்கும் முன்பே, பிளேடின் ஒரு பல்லை மையால் குறித்துக்கொள்ளுங்கள். மேசையிலுள்ள நீளப் பள்ளத்திலிருந்து அந்தப் பல் முன்பக்கம் எவ்வளவு தூரம்? பிளேடைக் கையால் சுழற்றினால் அதே பல் பின்பக்கம் எவ்வளவு தூரம்? இரண்டும் ஒன்றாக வரவேண்டும்; அப்போதுதான் பிளேடு பள்ளத்துக்கு இணையாக இருக்கிறது. அவசரப்படாமல் அளந்து பாருங்கள். பலகையை ஒட்டி நகர்த்த உதவும் நீளச் சட்டமான ஃபென்ஸை அதே பள்ளத்துக்கு இணையாக வைப்பது அதற்குப் பிறகுதான்.

விரல் பட்டுவிட்டால்? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், இயற்பியல் படித்த காப்புரிமை வழக்கறிஞர் ஸ்டீவ் காஸ் 1999-இல் இதற்கு வழி தேடினார். மரவேலையில் பெரும் ஈடுபாடு உள்ளவர். பிளேடில் சிறு மின் சைகையை ஓடவிட்டார். தோல் பட்டதும் சைகை மாறும். அலுமினியக் கட்டை ஒன்று பற்களில் பாய்ந்து, சுமார் 5 மில்லிசெகண்டில் பிளேடை நிறுத்திவிடும். சாஸ்டாப் ரம்பம் பிறந்தது இப்படித்தான். கட்டை, பிளேடு இரண்டும் வீணாகிவிடும், செலவுதான். விரலுக்கு அது பெரிய விலையில்லை. மிகவும் ஈரமான மரமும் மின்சாரத்தைக் கடத்தும்; விரல் படாமலே கட்டை பாய்ந்துவிடலாம். அதனால் பலகையை நன்றாக உலர்த்திய பிறகே அறுங்கள்.