சேர்க்கை நோட்டீஸில் எதை எழுதுவது?

(வானகரம் சுற்றுவட்டார அரசுப் பள்ளி ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் சேர்க்கைக்கான வேலைகள் தொடங்குகிற காலம் இது. பேரணி போக வேண்டும், வீடு வீடாகச் செல்ல வேண்டும், நோட்டீஸ் அடிக்க வேண்டும். இவற்றில் நோட்டீஸைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன். நாம் மிகக் குறைவாக யோசித்துச் செய்கிற வேலை அதுதான். பல பள்ளிகளில் போன ஆண்டு நோட்டீஸில் ஆண்டை மட்டும் மாற்றி அச்சகத்தில் கொடுத்துவிடுகிறார்கள்.

மதுரவாயலில் இருந்து வானகரம் வழியாகப் பூந்தமல்லிக்குப் போகும் நெடுஞ்சாலையிலும், இங்கிருந்து அம்பத்தூருக்குப் பிரியும் சாலையிலும் நீங்கள் தினமும் வருகிறீர்கள். வழியெங்கும் தனியார் பள்ளிகளின் விளம்பரங்கள். அவற்றை ஒரு நாள் மாணவரைப் போலப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவை நான்கு பொருள்களைத்தான் விற்கின்றன. ஒன்று ஆங்கிலம். இரண்டு, மதிப்பெண்ணும் அதை வாங்கிய பிள்ளைகளின் படங்களும். மூன்று, வேன், நீச்சல் குளம், ஏசி வகுப்பறை போன்ற வசதிகள். நான்காவது எழுத்தில் இருக்காது, ஆனால் படிப்பவர் மனத்தில் பதியும். அது பயம். 'இங்கே சேர்க்காவிட்டால் உங்கள் பிள்ளை பின்தங்கிவிடும்' என்கிற பயம்.

இந்தப் பயத்துக்கு விலை உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு தாய், சம்பளத்தில் பெரும்பகுதியைக் கட்டணமாகக் கட்டுகிறார். போதாததற்குக் கடன் வாங்குகிறார். இரண்டு ஆண்டுகளில் கட்ட முடியாமல் பிள்ளையை நடுவில் எடுத்துக்கொண்டு நம்மிடம் வருகிறார். அந்தப் பிள்ளை ஏதோ தோற்றுவிட்டதைப் போலத் தலைகுனிந்து நம் வகுப்பில் வந்து உட்காருகிறது. நம் பக்கத்திலும் இழப்பு உண்டு. எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் குறையும், பணியிடம் குறைந்தால் பள்ளியே நலியும். ஆகவே நோட்டீஸ் சின்னத் தாள் என்றாலும் அதன் பின்னால் இருப்பது சின்ன விஷயமில்லை.

விளம்பரத்துக்கு விதிகளும் உண்டு. முதலில் அவற்றைத் தெரிந்துகொள்வோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காக நன்கொடை வாங்குவதையும், பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதையும் தடை செய்கிறது. அப்படியானால் ஒன்றாம் வகுப்புக்கு 'நுழைவுத் தேர்வு' என்று ஒரு பேனரில் இருந்தால், அது விளம்பரம் மட்டுமல்ல, விதிமீறலின் அறிவிப்பு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்கள் 2022 ஜூனில் வந்தன. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கு அதில் தனிப் பகுதி உண்டு. குழந்தைகளின் அனுபவமின்மையைப் பயன்படுத்தக் கூடாது. 'அம்மாவிடம் கேட்டு வாங்கச் சொல்' என்று குழந்தையைத் தூண்டக் கூடாது. இந்தப் பொருள் இல்லாவிட்டால் மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்ற எண்ணத்தை உண்டாக்கக் கூடாது. 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கும் தனி வழிகாட்டுதல்கள் வந்தன. தேர்ச்சி பெற்றவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அவரது பெயரையோ படத்தையோ விளம்பரத்தில் போட முடியாது. வெற்றிக்கு உத்தரவாதம் தருவதாகவும் சொல்ல முடியாது.

உலகத்தில் இதைவிடக் கடுமையான ஏற்பாடுகளும் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளை நோக்கிய வணிக விளம்பரத்தை 1980 முதலே தடை செய்திருக்கிறது. ஒரு சிறு குழந்தைக்கு விளம்பரம் எது, செய்தி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பதுதான் அதன் அடிப்படை. இது வகுப்பறையில் நாம் தினமும் பார்க்கிற உண்மை.

இப்போது நம் நோட்டீஸுக்கு வருகிறேன். வழக்கமான நோட்டீஸ் எப்படி இருக்கும்? மேலே 'சேர்ப்போம்! சேர்ப்போம்! அரசுப் பள்ளியில் சேர்ப்போம்!' என்று இருக்கும். அதன் கீழே ஒரு பட்டியல். விலையில்லாப் பாடநூல், குறிப்பேடு, சீருடை, புத்தகப்பை, காலணி, வண்ணப் பென்சில், பேருந்து அட்டை, காற்றோட்டமான வகுப்பறை, அனுபவம் வாய்ந்த ஆசிரியர்கள், தரமான கல்வி. எல்லாம் உண்மைதான். நலத்திட்டங்களைச் சொல்லவும் வேண்டும். ஆனால் இந்தப் பட்டியல் எந்த ஊர் அரசுப் பள்ளிக்கும் பொருந்தும். அரசு என்ன தருகிறது என்று அது சொல்கிறது. இந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. பள்ளியின் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எந்தப் பள்ளி என்று தெரியாத நோட்டீஸ், அந்தப் பள்ளிக்கு உதவாது.

ஒரு தாயின் மனத்தில் உள்ள கேள்விகள் வேறு. யார் என் பிள்ளையின் டீச்சர்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? இரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் எழுத்துக் கூட்டிப் படிப்பானா? கழிவறையில் தண்ணீர் வருமா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு யார் போன் செய்வார்கள்? நான் ஷிப்ட் முடிந்து வர ஐந்தரை ஆகும், அதுவரை என் மகள் எங்கே இருப்பாள்? நெடுஞ்சாலையில் உள்ள எந்தப் பேனரும் இவற்றுக்குப் பதில் சொல்வதில்லை. நம்மால் சொல்ல முடியும். நம் பலம் அங்கேதான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான்: நம் நோட்டீஸில் உள்ள ஒவ்வொரு வரியும், பெற்றோர் பள்ளிக்குள் நேரில் வந்து பார்த்தாலும் நிற்க வேண்டும். அப்படி நிற்காத வரியை எடுத்துவிடலாம். 'தரமான கல்வி' என்பதை யாரும் வந்து பார்க்க முடியாது. 'முதல் வகுப்பில் 22 பிள்ளைகள், ஒரு டீச்சர்' என்பதை வந்து எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு மாதிரி சொல்கிறேன். எண்களையும் நேரத்தையும் உங்கள் பள்ளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

'உங்கள் பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிறதா? எங்கள் பள்ளியில் முதல் வகுப்பில் 22 பிள்ளைகள், ஒரு டீச்சர். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் பள்ளியிலேயே. கட்டணம் எதுவும் இல்லை. புதன்கிழமை காலை 10 மணிக்கு வாருங்கள். வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். கழிவறையையும் பாருங்கள். கேள்வி இருந்தால் தலைமையாசிரியரைக் கேளுங்கள்.' அதன் கீழே பள்ளியின் பெயர், எந்தத் தெரு, எந்தக் கடைக்கு எதிரில், தொலைபேசி எண். அவ்வளவுதான்.

'கழிவறையையும் பாருங்கள்' என்று எழுதச் சொன்னதும் சிலர் சிரிக்கிறீர்கள். அந்த ஒரு வரியை அச்சடிக்கத் தைரியம் வர வேண்டுமானால் முதலில் தண்ணீர்க் குழாயைச் சரி செய்தாக வேண்டும். நல்ல விளம்பரம் நம்மிடம் வேலை வாங்கும். எழுத முடியாத வரிகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு அதுவே பொருள் நிரல்.

அடுத்து, யாருக்கு எழுதுகிறோம் என்பது. ஒன்றாம் வகுப்புக்கு முடிவெடுப்பவர் தாய். ஆறாம் வகுப்பில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் பெரும்பாலும் மாணவரே முடிவெடுக்கிறார். மூவருக்கும் ஒரே நோட்டீஸ் கொடுத்தால் மூவரும் படிக்க மாட்டார்கள்.

ஆறாம் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் 'இனிமேல் பெரிய பள்ளி' என்று தனியாருக்கு மாற்றுகிற குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீடு 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022-இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024-இல் தொடங்கியது. இவையும் 6-ஆம் வகுப்பிலிருந்தே கணக்கு வைத்துப் பார்க்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் பலன் தரும் முடிவு, பதினொரு வயதில் எடுக்கப்படுகிறது. இதை ஐந்தாம் வகுப்புப் பெற்றோரிடம் ஏப்ரலில் சொல்வதற்குப் பதிலாக ஜனவரியிலேயே சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு தனி நோட்டீஸ், ஒரே செய்தியோடு. அதிலும் எச்சரிக்கை தேவை. 'எங்களிடம் படித்தால் டாக்டர்' என்று எழுதினால் நாமும் அந்தப் பேனர்களின் வரிசையில் சேர்ந்துவிடுவோம். தகுதி என்ன என்பதைச் சொல்வோம், கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டோம்.

காலை உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம் அது. நோட்டீஸில் அதைப் 'பசிக்கும் ஏழைக் குழந்தைக்கு' என்கிற தொனியில் எழுதாதீர்கள். காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எழுதுங்கள். வாங்கிக்கொள்பவரைத் தாழ்த்தும் விளம்பரம் யாரையும் அழைக்காது.

படம் எதைப் போடுவது? கணினியில் கிடைக்கும் சிவந்த கன்னக் குழந்தை படம் வேண்டாம். அந்தக் குழந்தை நம் பள்ளியில் இல்லை. மதிப்பெண்ணோடு பிள்ளைகளின் முகங்களும் வேண்டாம். மாநில அளவிலான ரேங்க் அறிவிப்பையே 2017-இல் நம் அரசு நிறுத்திவிட்டது. ஒரு முகத்தைப் போட்டால் போடாத முப்பது முகங்கள் அதைப் பார்க்கும். பிள்ளைகள் உள்ள படத்தைப் போடுவதாக இருந்தால் பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். இவற்றையெல்லாம்விட நல்லது, இரண்டாம் வகுப்புப் பிள்ளை தானே எழுதிய நான்கு வரியை அதன் கையெழுத்திலேயே அச்சிடுவது. கோணல் எழுத்தைத் திருத்தாதீர்கள். அந்த வயதுப் பிள்ளை உள்ள எந்தத் தாயும் அதை நிறுத்திப் படிப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் 'இதை யார் எழுதியது?' என்று கேட்கும்.

எங்கே கொண்டுபோவது? நெடுஞ்சாலையில் பேனர் கட்டும் போட்டியில் நாம் இறங்க வேண்டியதில்லை. 2019-இல் பள்ளிக்கரணையில் சாலையோரப் பேனர் விழுந்து ஓர் இளம் பெண்ணின் உயிர் போனதை மறக்க முடியாது. நம் பெற்றோர் நிற்கிற இடம் வேறு. அங்கன்வாடி வாசல், ரேஷன் கடை வரிசை, வானகரம் மீன் மார்க்கெட், தொழிற்பேட்டையில் ஷிப்ட் விடும் நேரம், மாவு மில். தொழிற்பேட்டையை நம்பி வெளிமாநிலங்களில் இருந்து வந்த குடும்பங்களுக்கு இந்தியிலோ தெலுங்கிலோ நாலு வரி சேர்த்தால் போதும். அந்த மொழி பேசும் மாணவர் நம் வகுப்பிலேயே இருப்பார், அவரையும் அவர் பெற்றோரையும் உதவிக்குக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் பெரிதாக்காமலே போனில் படிக்கிற அளவில் இருக்கட்டும்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் குறிப்புகளைக் கொண்டு கவர்ச்சியான விளம்பரம் தயாரிக்கச் சொல்லும் வினா உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் அதை அச்சு மாறாமல் செய்கிறார்கள். ஒரு கட்டம், பெரிய எழுத்தில் தள்ளுபடி, கீழே ஒரு போன் நம்பர். அந்தப் பயிற்சிக்கு இந்த முறை நம் பள்ளியையே பொருளாகக் கொடுங்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வரியையும் இன்னொரு மாணவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பிறகு ஏதாவது ஒரு கடை விளம்பரத்தை எடுத்து மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இது உண்மையா? எப்படித் தெரியும்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது? 'இலவசம்' என்பதற்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரக் குறி எதைக் காட்டுகிறது என்று தேடட்டும். தேர்வுக்கான ஐந்து மதிப்பெண்ணோடு, பதினொன்றாம் வகுப்புக்குப் பிறகு கல்லூரி விளம்பரங்களும் பயிற்சி மைய விளம்பரங்களும் அவர்களைச் சூழ்கிறபோது அது கைகொடுக்கும். நாலு இலட்சம் ரூபாய்க் கல்விக் கடனில் கையெழுத்திடும் முன் அந்த மூன்றாவது கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால், நம் வகுப்பு வீண் போகவில்லை என்று பொருள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று. மாலையில் பிள்ளையை அழைக்க வரும் பத்துத் தாய்மார்களிடம், 'சேர்ப்பதற்கு முன் உங்களுக்கு என்ன தெரிய வேண்டியிருந்தது?' என்று கேளுங்கள். கடந்த ஆண்டு டி.சி. வாங்கிப் போனவர்களில் ஐந்து பேரிடம் காரணம் கேளுங்கள். வாதாட வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதில்களை வைத்து எட்டு வரியில் ஒரு நோட்டீஸ் எழுதி, அச்சகத்துக்குப் போகும் முன் பள்ளியின் சத்துணவு அமைப்பாளரிடமும் ஓர் எட்டாம் வகுப்பு மாணவியிடமும் படிக்கக் கொடுங்கள். அவர்கள் 'இது அப்படி இல்லையே' என்று சொல்லும் வரியை அடித்துவிடுங்கள். மிச்சமிருப்பதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.